புதுமைப்பித்தனின் பிற்கால நடை

சொ. விருத்தாசலம் என்னும் இயற்பெயருடைய புதுமைப்பித்தன் (1906–1948) 42 ஆண்டுகளே வாழ்ந்தவர். எனவே அவரது பிற்கால நடையை முதுமையின் நடை எனக் கொள்ளலாகாது. குறுகிய காலத்திற்குள் கனிந்த நடை என்பதே பொருந்தும்.

1934இல் ‘மணிக்கொடி’ இதழில் வெளிவந்த கதை ‘பொன்னகரம்’. ஆலைத் தொழிலாளியான அம்மாளு, அடிபட்டுக் கிடக்கும் கணவனுக்குப் பால்கஞ்சி கொடுக்க வழியின்றித் தன்னையே இழக்கிறாள். கதையின் முடிவில் ஆசிரியரே முன்வந்து, கற்பைப் பற்றி ஓயாது பேசுவோரை நேர்நின்று எள்ளுகிறார்.

1943இல் ‘கலைமகள்’ வெளியிட்ட ‘செல்லம்மாள்’ கதையிலும் வறுமையே களம். சென்னையில் துணிக்கடை ஊழியரான பிரமநாயகம் பிள்ளை, நோயுற்ற மனைவியைத் தாமே பேணுகிறார். மனைவியின் இறப்பில் கதை தொடங்குகிறது. ஆயினும் அவர் கதறி அழவில்லை. சமைப்பதும் மருந்து கொடுப்பதுமாகிய அன்றாடச் செயல்களின் வழியே அவரது அன்பும் சோர்வும் புலப்படுகின்றன. முடிவில் தீர்ப்புக் கூற ஆசிரியர் வருவதில்லை.

முந்தைய கதையில் ஆசிரியரின் சினம் சொற்களில் வெளிப்படுகிறது. பிந்தைய கதையில் அது நிகழ்ச்சிகளுக்குள் அடங்கியிருக்கிறது. பிரமநாயகம் பிள்ளை ஏன் அழவில்லை என்னும் வினாவை ஆசிரியர் எழுப்புவதில்லை. கதையைப் படிக்கும் நாமே அதனை எழுப்பி, விடையையும் தேட வேண்டியுள்ளது. இவ்வாறு வாசகரை நம்பி விலகி நிற்பதே அவரது முதிர்ந்த நடையின் சிறப்பாகும்.