கணக்குக் கோப்பை எங்கே மாற்றுவது? சிறு வியாபாரிகளுக்கான மலிவான தரவுத்தளங்கள்

கணினியில் கணக்கு வைத்திருக்கும் வியாபாரிகளைக் காணும்போது நான் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "இன்றிரவு அந்தக் கணினி எரிந்துபோனால், யார் யார் உங்களுக்கு எவ்வளவு தரவேண்டும் என்று நாளைக் காலையில் சொல்ல முடியுமா?" பெரும்பாலானோர் சற்று யோசித்துவிட்டு, "பென் டிரைவில் ஒரு கொப்பி இருக்கிறது" என்பார்கள். எப்போது எடுத்த கொப்பி என்று கேட்டால் பதில் வராது. 2022ஆம் ஆண்டு வரை நானும் அவர்களில் ஒருவனாகவே இருந்தேன்.

எங்களுடையது பலசரக்கு மொத்த விற்பனைக் கடை. சுற்றியுள்ள ஊர்களின் சில்லறைக் கடைகளுக்குக் கடனுக்குச் சரக்குக் கொடுத்து, வாரந்தோறும் பணம் அறவிடுவது எங்கள் வழக்கம். 2006இல் மைக்ரோசொப்ட் அக்ஸஸைப் பாவித்து அதற்கான கணக்கு மென்பொருளை நானே தயாரித்தேன். ஆரம்பத்தில் ஒரு கணினியில் இருந்த அது, பின்னர் வலையமைப்பினூடாக நான்கு கணினிகளில் பாவிக்கப்பட்டது. பதினாறு வருடங்கள் ஓடியதால் அதைப்பற்றி யோசிக்க வேண்டிய அவசியமே எனக்கு ஏற்படவில்லை.

2022 மார்ச் மாத இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலில் இருந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். எங்கள் யூ.பி.எஸ். பெட்டியின் பற்றரி பழுதடைந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. மூன்று பேர் பில் அடித்துக்கொண்டிருந்த வேளையில் மின்சாரம் நின்றது. மீண்டும் வந்தபோது கணக்குக் கோப்பு திறக்கவில்லை. திருத்தும் கருவியாலும் பலன் கிடைக்கவில்லை. கையிலிருந்த பிரதியோ 11 நாட்கள் பழையது.

அந்த 11 நாள் கணக்கையும் காபன் தாள் பற்றுச்சீட்டுப் புத்தகங்களைப் பார்த்து மீண்டும் பதிவு செய்தோம். அதில் ஒரு தாள் தவறிவிட்டது. பணம் கட்டிய சாச்சி ஒருவரிடம் எங்கள் விற்பனைப் பையன் மறுபடியும் போய்ப் பணம் கேட்டிருக்கிறான். அவர் பழைய பிஸ்கட் டின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். அதற்குள் எங்கள் பற்றுச்சீட்டுகள் எல்லாம் அடுக்காக இருந்தன. "மகன், காசு கட்டின மனிசியக் கடன்காரியாக்கிட்டீங்களே" என்று மட்டும் சொன்னார். வாப்பா எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். தவறு அக்ஸஸுடையதல்ல. அதற்குப் பொருந்தாத வேலையைக் கொடுத்ததும், பிரதி எடுக்காமல் விட்டதும் நான்தான்.

அந்தப் பாடத்தையே இந்த வாரம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பழைய முறையின் பலவீனம்

அக்ஸஸ், பொக்ஸ்புரோ, டீபேஸ் போன்றவை மேசைக் கணினித் தரவுத்தளங்களாகும். ஒருவர் அல்லது ஓரிருவர் பாவிக்கும் வரை அவை சிறந்தவை. பலர் பாவிக்கத் தொடங்கும்போது நடப்பதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். கடையில் ஒரே ஒரு பேரேடு இருக்கிறது. நான்கு எழுதுவினைஞர்களும் தத்தமது பேனையோடு வந்து அதில் நேரடியாக எழுதுகிறார்கள். ஒருவர் பாதி வரி எழுதும்போது விளக்கு அணைந்தால் அந்தப் பக்கமே பழுதாகலாம். அக்ஸஸ் கோப்பைப் பகிர்ந்து பாவிக்கும்போது ஒவ்வொரு கணினியும் அவ்வாறுதான் வலையமைப்பினூடாகக் கோப்பைத் தொட்டு எழுதுகிறது.

எஸ்.கியூ.எல். சேர்வர் வகைத் தரவுத்தளத்தில் பேரேட்டைத் தொடும் உரிமை கணக்குப்பிள்ளை ஒருவருக்கே உண்டு. ஏனையோர் அவரிடம் துண்டு கொடுக்கிறார்கள். அவர் முதலில் நாளேட்டில் குறித்துவிட்டுப் பின்னரே பேரேட்டில் ஏற்றுகிறார். இடையில் மின்சாரம் போனாலும், மீண்டும் வந்ததும் நாளேட்டைப் பார்த்து, முடிந்த கொடுக்கல் வாங்கலை ஏற்றி, முடியாததை நீக்கிவிடுகிறார். பில் பதியப்பட்டு இருப்புக் குறையாமல் போவது போன்ற அரைகுறை நிலை இதனால் தவிர்க்கப்படுகிறது.

கொள்ளளவும் ஒரு காரணமாகும். அக்ஸஸ் கோப்பொன்று 2 கிகாபைட்டுக்கு மேல் வளர முடியாது. பொக்ஸ்புரோவில் ஒவ்வோர் அட்டவணைக்கும் அதே எல்லை உண்டு. விஷுவல் பொக்ஸ்புரோவின் கடைசிப் பதிப்பான 9.0 வெளிவந்தது 2004இல். இனிப் புதிய பதிப்பு இல்லையென மைக்ரோசொப்ட் 2007இல் அறிவித்தது. 2015 ஜனவரியுடன் அதற்கான ஆதரவும் முற்றாக முடிந்தது. இன்றும் அதில் கணக்கு வைத்திருப்பவர்கள் இந்த மாற்றத்தைப் பிற்போடக் கூடாது.

சும்மா கிடைப்பதின் செலவு

பணம் கொடுத்து வாங்கும் பெரிய தரவுத்தளங்களின் விலை டொலரில் உள்ளது. 2022 மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவளவுக்கு ஏறியதை நாம் கண்டோம். ஆகவே வருடாவருடம் டொலரில் கட்டணம் செலுத்தும் எதற்கும் சிறு வியாபாரி கைவைக்கு முன் யோசிக்க வேண்டும்.

அதிர்ஷ்டவசமாக, எமக்குப் போதுமானவை இலவசமாகவே கிடைக்கின்றன. இதை வாப்பாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. "சும்மா குடுக்கிற சாமான்ல எங்கேயோ ஒரு செலவு ஒளிஞ்சிருக்கும் மகன். அது எங்க எண்டு மொதல்ல பாரு" என்றார். நாற்பது வருட வியாபார அனுபவம் பேசியது. அவர் சொன்னது சரியென்பதைப் பின்னர் கண்டுகொண்டேன்.

தெரிவுகள் எவை?

முதலாவது, மைக்ரோசொப்டின் எஸ்.கியூ.எல். சேர்வர் எக்ஸ்பிரஸ். 2008 ஆர்2 முதல் 2022 வரையான பதிப்புகளில் ஒரு தரவுத்தளம் 10 கிகாபைட் வரை வளரலாம். 2025 பதிப்பில் அது 50 கிகாபைட்டாக உயர்த்தப்பட்டுள்ளது. அக்ஸஸிலிருந்து மாறுவதற்கு இலவசக் கருவியும் தரப்படுகிறது. பழைய அக்ஸஸ் படிவங்களையும் அறிக்கைகளையும் அப்படியே வைத்துக்கொண்டு, தரவுகளை மாத்திரம் சேர்வருக்கு மாற்றி இணைக்க முடிவது பெரிய வசதியாகும். குறை என்னவெனில், நேரசூசியின்படி தானாகப் பிரதி எடுக்கும் உறுப்பு இதில் இல்லை. விண்டோஸின் பணி நேரசூசியைக் கொண்டு அதை நாமே ஒழுங்கு செய்ய வேண்டும்.

இரண்டாவது, மைஎஸ்.கியூ.எல். மற்றும் அதன் உடன்பிறப்பான மரியாடீபி. 1995இல் தோன்றிய மைஎஸ்.கியூ.எல்., 2010இல் ஒறக்கிள் நிறுவனத்தின் கைக்கு வந்தது. அதை ஆரம்பித்தவர்களில் ஒருவரான மைக்கல் விடேனியஸ் 2009இல் மரியாடீபியைத் தொடக்கினார். இணையத்தளங்களில் பெரிதும் பாவிக்கப்படுவதால், கணினி கற்ற இளைஞர்களில் பலருக்கு இது பழக்கமானது. சொந்தக் கடையில் பாவிப்பதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் இதைச் சேர்த்து மென்பொருள் தயாரித்து விற்பவர்கள் அனுமதிப்பத்திர நிபந்தனைகளைக் கவனமாக வாசிக்க வேண்டும்.

மூன்றாவது, போஸ்ட்கிரெஸ்கியூ.எல். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986இல் ஆரம்பமான ஆய்வின் வாரிசு இது. 2005இல் வெளிவந்த 8.0 பதிப்பிலிருந்து விண்டோஸில் நேரடியாக இயங்குகிறது. அனுமதிப்பத்திரம் மிகத் தாராளமானது. இலவசப் பதிப்பு, கட்டணப் பதிப்பு என்ற பேதமோ, அதற்கென வைத்த கொள்ளளவு எல்லையோ கிடையாது. பிழையான தரவை ஏற்காத கண்டிப்பு இதன் சிறப்பு. பழகுவதற்குச் சற்றுக் காலம் எடுக்கும். பல கிளைகளாக வளர எண்ணுபவர்களுக்கு உகந்தது.

நான்காவது, பயர்பேர்ட். போலன்ட் நிறுவனம் திறந்துவிட்ட இன்டர்பேஸ் மூலநிரலிலிருந்து 2000இல் உருவானது. பழைய, சக்தி குறைந்த கணினியிலும் இலகுவாக இயங்கும். ஆயினும் இதைத் தெரிந்தவர்களை நம்மூரில் தேடிப்பிடிப்பது கடினம்.

எஸ்.கியூ.லைட் என்பதையும் சிலர் சொல்வார்கள். அது ஒரு கணினிக்குள் பாவிப்பதற்கு அருமையானது. ஆனால் அதன் கோப்பைப் பகிர்ந்த கோப்புறையில் வைத்துப் பலர் எழுதினால், நாம் எந்தக் குழியிலிருந்து ஏறினோமோ அதே குழியில் மீண்டும் விழுவோம்.

எதைத் தெரிவு செய்வது?

நான் ஒரு மாதமாக வேகத்தையும் கொள்ளளவையும் ஒப்பிட்டுப் பட்டியல் போட்டேன். அது வீண் வேலை. நாளொன்றுக்குச் சில நூறு பில் அடிக்கும் கடைக்கு மேற்சொன்ன நான்கு சேர்வர்களில் எதுவும் தாராளமாகப் போதும். கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒரு திங்கட்கிழமைக் காலை சேர்வர் எழும்பவில்லையானால், அரை நாளுக்குள் வந்து, பிரதியிலிருந்து அதை மீட்டுத் தரக்கூடியவர் யார்? அவருக்கு எது தெரியும்? உங்களுக்கு மலிவானது அதுவே.

எங்கள் ஊரில் அவ்வாறு கூப்பிட்டவுடன் வரக்கூடிய இருவருக்கும் எஸ்.கியூ.எல். சேர்வர் தெரிந்திருந்தது. பழைய படிவங்களையும் காப்பாற்ற முடிந்தது. எனவே எக்ஸ்பிரஸ் பதிப்பையே எடுத்தோம். உங்கள் மருமகனுக்கு மரியாடீபி நன்றாகத் தெரியுமென்றால் உங்களுக்கு மரியாடீபிதான் சரி.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

வாப்பா சொன்ன ஒளிந்திருக்கும் செலவு இங்கேதான் இருக்கிறது. மென்பொருளை நிறுவ ஒரு மாலைநேரம் போதுமாயிருந்தது. தரவைச் சுத்தம் செய்ய மூன்று வாரம் எடுத்தது.

ஒன்று, பெயர்கள். ஒரே வாடிக்கையாளர் முதலெழுத்து மாறி மூன்று பெயர்களில் இருந்தார். அவர்களை ஒன்றாக்கி, ஒவ்வொருவருக்கும் ஒரு இலக்கம் கொடுத்தோம்.

இரண்டு, அநாதைப் பில்கள். வாடிக்கையாளரை யாரோ அழித்திருக்க, பில் மாத்திரம் மிஞ்சியிருந்தது. புதிய தரவுத்தளத்தில் அட்டவணைகளுக்கிடையிலான தொடர்பைக் கட்டாயமாக்கினால் இத்தகைய அழிப்புக்கு அனுமதி கிடைக்காது.

மூன்று, திகதிகள். 2008 என்பதற்குப் பதிலாக 0208 என்று அடித்திருந்த பில்களை அக்ஸஸ் ஏற்றிருந்தது. எஸ்.கியூ.எல். சேர்வரின் பழைய திகதி வகை 1753க்கு முந்திய ஆண்டை ஏற்காது. மாற்றும் வேலை அந்த இடத்தில் நின்றுவிடும்.

நான்கு, பணம். ரூபா, சதத்தைத் தசம வகையில் வைக்க வேண்டும். மிதக்கும் புள்ளி வகையில் வைத்தால், ஆயிரக்கணக்கான வரிகளைக் கூட்டும்போது சதக்கணக்கு ஒத்துவராது.

ஐந்து, தமிழ். எம்மில் பலர் பாமினி எழுத்துருவில் பெயர்களைப் பதிந்திருப்போம். கணினிக்கு அவை வெறும் ஆங்கில எழுத்துகளே. யுனிகோடுக்கு மாற்றிய பின்னரே ஏற்ற வேண்டும். எஸ்.கியூ.எல். சேர்வரில் என்வார்ச்சார் வகை, மரியாடீபியில் யூ.டி.எப்.8 எம்.பி.4, போஸ்ட்கிரெஸில் யூ.டி.எப்.8 என அமைத்தால் தமிழ் பிசகாது.

இவற்றின் பின் ஒரு மாத காலம் பழையதையும் புதியதையும் சேர்த்தே ஓட்டினோம். தினமும் மாலையில் மொத்த விற்பனை, மொத்தக் கடன், சரக்கிருப்பு ஆகிய மூன்று தொகைகளையும் ஒப்பிட்டோம். முதல் வாரத்தில் இரண்டு பிழைகள் அகப்பட்டன. பொறுமையிழந்து முதல் நாளே பழையதை மூடியிருந்தால் அவை வெளியே தெரிந்திராது.

பிரதியும் பரீட்சையும்

சேர்வர் வந்துவிட்டதென்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். இயங்கிக்கொண்டிருக்கும் சேர்வரின் கோப்பை அப்படியே கொப்பி செய்வது பிரதியாகாது. ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் அதற்கென உரிய பிரதி எடுக்கும் கட்டளை உண்டு. தினமும் இரவில் அது தானாக நடக்கட்டும். ஒரு பிரதி கடைக்கு வெளியே இருக்கட்டும். இன்னொன்று கணினியிலிருந்து கழற்றி வைக்கப்பட்ட வன்தட்டில் இருக்கட்டும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ், இணைந்திருக்கும் வன்தட்டையும் விட்டுவைக்காது. சேர்வரை இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவிடவும் வேண்டாம். யூ.பி.எஸ். பற்றரியையும் காலத்துக்குக் காலம் சோதித்துப் பாருங்கள்.

மீட்டுப் பார்க்காத பிரதியை நம்ப முடியாது. நாங்கள் மூன்று மாதத்துக்கொருமுறை, வெள்ளிக்கிழமை கடை மூடியிருக்கும் நேரத்தில், வேறொரு கணினியில் பிரதியை மீட்டு மொத்தக் கடன் தொகையைப் பார்க்கிறோம். முதல்முறை நான்கு மணித்தியாலம் சென்றது. இப்போது 40 நிமிடத்தில் முடிகிறது. செய்முறையை ஒரு தாளில் எழுதிக் காசாளர் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறோம். நான் ஊரில் இல்லாவிட்டாலும் வேலை நடக்க வேண்டுமல்லவா?

இப்போது ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் மாத முடிவில் கணக்குக் கூற்றொன்றை அச்சிட்டுக் கொடுக்கிறோம். சாச்சி அதை வாங்கி, டின்னில் இருக்கும் சீட்டுகளோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பின்னரே மடித்து வைக்கிறார். அவர் சரிபார்ப்பதை நான் வரவேற்கிறேன்.

இந்த வாரமே உங்கள் கடையின் கடைசிப் பிரதியை எடுத்து வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறக்காவிட்டால், எந்தத் தரவுத்தளம் என்ற கேள்வியை ஒருபுறம் வைத்துவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.