விறகு மரத்தின் இலையும் ஆட்டுத் தீனியும்

ஆட்டின் வளர்ச்சிக்கும் பாலுக்கும் புரதம் இன்றியமையாதது. வைக்கோலில் அது நூற்றுக்கு 4 பங்களவே உண்டு. ஆதலின் கமக்காரர் தேங்காய்ப் பிண்ணாக்கை நாடுகின்றனர். அதில் 20 பங்களவு புரதம் இருப்பினும், விலை கொடுத்து வாங்கிக் கட்டுப்படியாவதில்லை.

தேயிலை, இறப்பர், தென்னை ஆகியவற்றை அடுத்து இலங்கையின் நான்காவது பெருந்தோட்டப் பயிராக 2005ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது சீமைக்கிளுவை. கிளிரிசீடியா என்பதும் இதுவே. இதன் தடியை எரித்து மின்சாரம் ஆக்கலாம். தடி உலைக்குச் செல்ல, இலை எஞ்சுகின்றது. உலர்ந்த நிறையில் இவ்விலையிலே 20 முதல் 25 பங்கு புரதம் உளது. வேலியில் நிற்கும் மரமும் இதே இலையைத்தான் தருகின்றது. வயலுக்குத் தழைப்பசளையாக இடுவோர், ஆட்டுக்குக் கொடுத்தபின் எருவாக அதன் ஒரு பங்கைத் திரும்பப் பெறலாம்.

இலையின் மணத்தினால் ஆடு முதலில் முகந்துவிட்டு விலகும். மாலையில் வெட்டி, நிழலிற் பரப்பி வாடவிட்டு மறுநாட் கொடுத்தல் வேண்டும். முதல் வாரம் பலாவிலையுடன் ஒரு பிடி கலந்து, பின்னர் சிறிது சிறிதாகக் கூட்டுக. மொத்தத் தீனியில் மூன்றிலொரு பங்கிற்கு மேற்படலாகாது. 25 கிலோ நிறையுள்ள ஆட்டுக்கு நாளொன்றுக்கு ஒன்றேகால் கிலோ பச்சையிலை போதும். அதன் புரதம் ஏறக்குறைய 300 கிராம் பிண்ணாக்கிற்கு ஈடாகும். ஆயினும் பிண்ணாக்கிலுள்ள கொழுப்பு இலையில் இல்லை. எனவே பால் கறக்கும் ஆட்டுக்குப் பிண்ணாக்கை முற்றாக நிறுத்துதல் தகாது.

பூஞ்சணம் பிடித்த இலையை ஒருபோதும் கொடுக்கலாகாது. இலையிலுள்ள குமாரின் என்னும் பொருள், பூஞ்சணத்தால் இரத்தம் உறையாமற் செய்யும் நஞ்சாக மாறும். மத்திய அமெரிக்காவில் எலியைக் கொல்லவும் இம்மரம் பயன்பட்டது. கிளிரிசீடியா என்ற பெயரின் பொருளும் அதுவே. கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை போன்ற நெருக்கமான இடங்களில் ஓரிரு ஆடுகளைக் கட்டி வளர்ப்போர் இலையை வெளியிலிருந்தே பெறவேண்டும். சாக்கில் இறுகக் கட்டிய இலை வழியிலேயே சூடேறும். வந்தவுடன் அவிழ்த்துப் பரப்புக.

எரிபொருளின் கழிவெல்லாம் தீனியாகுமென்று எண்ணுதல் பெருந்தவறு. காட்டாமணக்கு எண்ணெய் டீசலுக்கு மாற்றாக இந்தியாவில் இந்நூற்றாண்டின் தொடக்கத்திற் பெரிதும் ஊக்குவிக்கப்பட்டது. அதன் பிண்ணாக்கிற் புரதம் மிகுதி; நஞ்சும் மிகுதி. அவித்தாலும் அந்நஞ்சு முழுதும் நீங்காது. ஆமணக்குப் பிண்ணாக்கும் நஞ்சுடையதே. இவ்விரண்டும் மரக்கறித் தோட்டத்துக்கு நல்ல பசளை. ஆனால் ஆடு எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும். பாத்தியில் இட்டவுடன் மண்ணால் மூடுக.

தின்ற ஆடு இரை எடாது கழிந்து சோருமாயின், மீதித் தீனியைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே கால்நடை வைத்தியரிடம் செல்க.