நண்பன் வீட்டிலிருந்து திரும்பும் வழி: தெற்கு எது?



ஜூன் மாதத்தில் ஒரு நாள், நீங்கள் ஜொகூர் பாருவில் உள்ள மாமா வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊர் புதிது. உங்களோடு தமிழ்ப்பள்ளியில் படித்த நண்பன் மூன்று கிலோமீட்டர் தள்ளி வேறொரு தாமானில் இருக்கிறான். மாமா மகனின் சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஆங்காங்கே நின்று கைப்பேசி வரைபடத்தைப் பார்த்து, போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். திரும்பும்போது மணி ஒன்று. பாதி வழியில் கைப்பேசி அணைந்துவிட்டது. சுற்றிலும் ஒரே மாதிரி வரிசை வீடுகள். கொளுத்தும் வெயிலில் தெருவில் ஆள் இல்லை. மாமா வீடு தெற்கே, தெப்ராவ் நீரிணைப் பக்கம் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

தெற்கு எது?

நண்பகல் சூரியனை நம்பலாமா?

"கைக்கடிகாரத்தின் சிறிய முள்ளைச் சூரியனை நோக்கித் திருப்புங்கள். அந்த முள்ளுக்கும் 12-க்கும் நடுவே தெற்கு இருக்கும்" என்று ஒரு வழியைப் படித்திருப்பீர்கள். ஐரோப்பாவில் அது ஓரளவு சரி. அங்கே ஆண்டு முழுவதும் நண்பகல் சூரியன் தெற்கில்தான் நிற்கும்.

ஜொகூர் பாருவோ பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 1.5 பாகையில் உள்ளது. ஜூன் 21 வாக்கில் சூரியன் பூமத்திய ரேகைக்கு வடக்கே 23.4 பாகை வரை போய்விடும். அதனால் அன்று நண்பகலில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலிருந்து ஏறக்குறைய 22 பாகை வடக்கே இருக்கும். டிசம்பர் 21 வாக்கில் ஏறக்குறைய 25 பாகை தெற்கே இருக்கும். மார்ச், செப்டம்பர் மாதங்களின் பிற்பகுதியில் தலைக்கு மேலேயே வந்து நிற்கும்.

ஜூனில் அந்தக் கடிகார வழியை நம்பினால் வடக்கைத் தெற்கு என்று நினைத்துவிடுவீர்கள். மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் 15 நிமிடம் மிதித்தால், வீட்டுக்கு எதிர்த்திசையில் 3 கிலோமீட்டர் போயிருப்பீர்கள்.

நமக்கு நண்பகல் எப்போது?

நம் கடிகாரம் 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. தீபகற்ப மலேசியாவில் 1982 ஜனவரி 1 முதல் இந்த நேரம்தான். ஜொகூர் பாரு இருப்பதோ ஏறக்குறைய 103.75 பாகையில். வித்தியாசம் 16.25 பாகை. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். ஆகவே 16.25 × 4 = 65 நிமிடம். சூரியன் நமக்கு உச்சிக்கு வருவது 12 மணிக்கு அன்று, சராசரியாக 1.05-க்கு. மாதத்தைப் பொறுத்து இது கால் மணி நேரம் வரை முன்பின் ஆகும். ஒரு மணிக்கு வழி தேடும் நீங்கள் சரியாக உச்சி வெயிலில் நிற்கிறீர்கள்!

சைக்கிளே திசைகாட்டி

சமதரையில் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். ஹேண்டல் நுனியின் நிழல் விழும் இடத்தில் ஒரு கல்லை வையுங்கள். 20 நிமிடம் அருகிலேயே நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். பிறகு நிழல் நுனி நகர்ந்த இடத்தில் இரண்டாவது கல்லை வையுங்கள். சூரியன் 20 நிமிடத்தில் 5 பாகை மேற்கே நகரும். நிழல் கிழக்கே நகரும். ஹேண்டல் ஒரு மீட்டர் உயரம் என்றால், நண்பகல் வேளையில் நிழல் சுமார் 9 செண்டிமீட்டர் நகர்ந்திருக்கும்.

முதல் கல் மேற்கு, இரண்டாவது கல் கிழக்கு. மேற்கைப் பார்த்து நின்றால் உங்கள் இடக்கைப் பக்கம் தெற்கு. இந்த வழி எந்த மாதத்திலும் ஏமாற்றாது.

மேகம் மூடிவிட்டால்?

கூரைகளைப் பாருங்கள். ஆஸ்ட்ரோ ஒளிபரப்பைத் தரும் மீசாட் செயற்கைக்கோள், பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், 91.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் உள்ளது. பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றுவதால் வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். 91.5 பாகை நமக்கு மேற்கே இருப்பதால், வீடுகளில் உள்ள தட்டுகள் மேற்குப் பக்கம் பார்த்திருக்கும். ஒரு வீட்டை மட்டும் நம்பாமல் நான்கைந்து வீடுகளைப் பாருங்கள்.

சூராவ், பள்ளிவாசல்களும் உதவும். அங்கே தொழுபவர்கள் மக்காவை நோக்குவார்கள். ஜொகூர் பாருவில் அது மேற்கிலிருந்து சுமார் 23 பாகை வடக்கே உள்ள திசை.

தூரத்தை அளக்க நேரம் போதும்

திசை தெரிந்தாலும் எவ்வளவு தூரம் போவது என்று தெரிய வேண்டும். மணிக்கு 12 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 200 மீட்டர். மூன்று கிலோமீட்டருக்கு 15 நிமிடம். அதற்கு மேல் மிதித்தும் தெரிந்த இடம் எதுவும் வரவில்லை என்றால், நின்று யோசியுங்கள். கடையில் விசாரியுங்கள். திசை தெரிந்தால், சொல்பவர் சொல்லும் வழி சரியா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

கவனம்

தலைக்கவசம் அணியுங்கள். தெப்ராவ், ஸ்கூடாய் நெடுஞ்சாலைகளில் சைக்கிளோடு இறங்காதீர்கள். தாமான் சாலைகளிலேயே செல்லுங்கள். பிற்பகலில் இடி மழை வரலாம். மின்னலுக்குப் பின் 30 விநாடிக்குள் இடி கேட்டால், அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

செய்து பாருங்கள்

1. வரும் சனிக்கிழமை பகல் 12.50 முதல் 1.20 வரை, 10 நிமிடத்துக்கு ஒரு முறை ஹேண்டல் நிழலைக் குறியுங்கள். அது எப்பக்கம் விழுகிறது, வடக்கா தெற்கா? இந்த மாதத்தில் ஏன் அப்படி?

2. உங்கள் ஊரின் தீர்க்கரேகையைக் கண்டுபிடித்து, அங்கே சூரியன் உச்சிக்கு வரும் சராசரி நேரத்தைக் கணக்கிடுங்கள்.

3. நண்பன் வீட்டுக்குக் கிளம்பும் முன், வழியை ஒரு தாளில் வரைந்து வடக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளுக்கு மின்னூட்டம் தேவையில்லை.