முதுகுத்தண்டு நீர் சொல்லும் சேதி



"முதுகுல ஊசி குத்தி நீர் எடுத்தா காலு விளங்காமப் போயிரும்." லயத்தில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் குறைவு. இதை நம்பி, பிள்ளையின் பரிசோதனைக்குக் கையெழுத்துப் போட மறுக்கிற பெற்றோரும் உண்டு. அந்த நீரில் டொக்டர் எதைத் தேடுகிறார் என்று பார்ப்போம்.

மூளையையும் முண்ணாணையும் சுற்றித் தெளிந்த நீர் ஒன்று இருக்கிறது. பெரியவர்களுக்கு அது சுமார் 150 மில்லிலீற்றர். உடம்பு தினமும் ஏறக்குறைய 500 மில்லிலீற்றர் புதிதாகச் சுரக்கிறது. அதனால் பரிசோதனைக்கு எடுக்கிற கொஞ்ச நீர் சில மணித்தியாலத்தில் ஊறிவிடும்.

சுகமான பெரியவரின் நீரில், ஒரு கன மில்லிமீற்றருக்கு 5க்கு மேல் வெண்குருதிக் கலங்கள் இராது. இவை இராக்காவல்காரர் மாதிரி. கிருமி நுழைந்ததா என்று சுற்றிப் பார்க்கும்.

பற்றீரியாவால் மூளைக்காய்ச்சல் வந்தால் காவல்காரர் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் ஓடி வருவார்கள். நீர் கலங்கிப்போகும். வைரஸ் என்றால் கூட்டம் பெரும்பாலும் குறைவு, நீரும் தெளிவாக இருக்கும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்று இன்னொரு நோய். வட ஐரோப்பா, கனடா போன்ற குளிர் நாடுகளில் அதிகம், நம் நாட்டில் அபூர்வம். கரண்ட் கம்பிக்கு றப்பர் உறை இருப்பது போல நரம்புக்கும் உறை உண்டு. இந்த நோயில் காவல்காரரே அந்த உறையைப் பகை என்று நினைத்துத் தாக்குகிறார்கள். கண் மங்கும், கை கால் மரக்கும், நடை தளரும். ஆனால் நீரில் கலங்களின் எண்ணிக்கை சாதாரணமாகவோ, சற்றே கூடியோதான் இருக்கும். அதனால் எண்ணினால் மட்டும் போதாது. பிறபொருளெதிரி செய்யும் கலங்கள் அங்கே தங்கி வேலை செய்ததற்கான அடையாளத்தையும் தேடுவார்கள். பெரும்பாலான நோயாளரிடம் அது கிடைக்கும்.

சரி, கால் விளங்காமல் போகுமா? பெரியவர்களுக்கு முண்ணாண் இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது. சிறு பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம் கீழே. ஊசி போடுவது அதற்கும் கீழே. அதனால் முண்ணாணில் ஊசி படுவதில்லை. சிலருக்குச் சில நாள் தலைவலி இருக்கும். கால் விழுவது மிக மிக அரிது.

காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, வாந்தி, மயக்கம், வலிப்பு கண்டால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். டொக்டர் நீர் எடுக்கச் சொன்னால், சந்தேகத்தை அவரிடமே கேளுங்கள். கேட்டுத் தெளிந்து கையெழுத்துப் போடுங்கள். தாமதித்தால் பிள்ளையின் காதும் உயிரும் போகலாம்.