வாசலும் சுவரும் நடத்தும் பாடம்



தாழ்ந்த வாசலில் நுழைகிறவர் தலை குனிகிறார். குனியும்படி யாரும் அவருக்குச் சொல்லவில்லை. வாசலே குனிய வைத்தது. அவ்வாறே கட்டடங்கள் நம்மை நடக்கவும், நிற்கவும், குரலைத் தாழ்த்தவும் செய்கின்றன. இதற்கு அருகிலேயே ஓர் உதாரணம் உண்டு.

குழித்துறையிலிருந்து நாகர்கோவில் சாலையில் சென்று, தக்கலையில் திரும்பினால் பத்மநாபபுரம் அரண்மனை. 1795-ல் தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறும்வரை திருவிதாங்கூர் மன்னர்கள் இங்கிருந்தே ஆண்டனர். மரத்தினாலான இந்த மாளிகையில் மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலை மாடியில் உள்ளது. அதற்குச் செல்லும் படிக்கட்டு செங்குத்தானது, குறுகலானது. கூட்டமாக ஏற முடியாது; ஒருவர்பின் ஒருவராக, கைப்பிடித்து, மெதுவாகத்தான் ஏற வேண்டும். மேலே போனால், மரச்சட்டங்களின் வழியே காற்று வருகிறது, வெயில் வருவதில்லை. சன்னல்களில் பதித்த வண்ண அபிரகத் தகடுகள் ஒளியை மங்கச் செய்கின்றன. கரிய தரை குளிர்ந்திருக்கிறது. வெளியே உரக்கப் பேசி வந்தவர்களும் அங்கே மெல்லப் பேசுகிறார்கள். ஆலோசனைக்கு வேண்டிய அமைதியைத் தச்சன் உளியாலேயே உண்டாக்கிவிட்டான்.

ஆனால் அதே அரண்மனையின் நவராத்திரி மண்டபத்தைப் பாருங்கள். அரச குடும்பத்துப் பெண்கள் மரத்தடுப்புக்குப் பின்னிருந்தே ஆடலையும் பாடலையும் கண்டனர். அவர்கள் பிறரைப் பார்க்கலாம். பிறர் அவர்களைப் பார்க்கலாகாது. கட்டடம் அமைதியைத் தருவதுபோலவே, இன்னார் இங்கே, இன்னார் அங்கே என்று பிரித்தும் வைக்கும் என்பதை இதனால் அறிகிறோம்.

இந்தப் பிரிவினை தேவாலயத்துக்குள்ளும் வந்த வரலாறு ஒன்று உண்டு. மன்னர் மார்த்தாண்டவர்மாவின் அரண்மனையில் பணிபுரிந்த நீலகண்டப் பிள்ளை 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆனார். சாதி வேறுபாடின்றி எல்லாரும் சமம் என்பதை வற்புறுத்திப் போதித்தார். 2022 மே 15 அன்று அவர் புனிதராக உயர்த்தப்பட்டதை நாம் அறிவோம். அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 127 ஆண்டுகளுக்குப் பின், 1872-ல் ஒரு கோவில் எழுந்தது. அதன் பீடம் ஒன்று. மக்கள் நிற்கும் பகுதிகளோ இரண்டு. பீடத்திலிருந்து இரு கைகளாகப் பிரிந்து செல்லும் அந்த அமைப்பைக் கால்சட்டைக்கு ஒப்பிட்டார்கள். ஒரு கையில் வேளாளர், மற்றதில் நாடாரும் பிறரும். இரு சாராரும் ஒரே திருப்பலியைக் கண்டனர், ஒருவரையொருவர் காணவில்லை.

இதன் விளைவைச் சிந்தியுங்கள். தாயின் கையைப் பிடித்துக் கோவிலுக்கு வந்த குழந்தைக்கு ஞானோபதேசம் இன்னும் தெரியாது. ஆயினும் தான் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அதன் கால்களுக்குத் தெரிந்துவிட்டது. குருவானவர் ஒரு மணி நேரம் சகோதர அன்பைப்பற்றிப் பிரசங்கித்தாலும், சுவர் நாள்தோறும் வேறு பிரசங்கம் செய்துகொண்டிருந்தது. 1910-ல் அந்தத் தடுப்பு இடித்து அகற்றப்பட்டது. அதை எதிர்த்துக் கலகமும் வழக்கும் எழுந்தன. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது; பிரிந்திருக்கும் உரிமை கேட்டவர்களுக்கு அது கிடைக்கவில்லை. கல்லை இடிக்கச் சில நாட்கள் போதும். அந்தக் கல் பழக்கிய மனத்தை மாற்ற எவ்வளவு காலம் வேண்டியிருக்கிறது!

இனி நம் வீட்டிற்கு வருவோம். நம் பழைய ஓட்டு வீடுகளில் படிப்புரை இருந்தது. வழிப்போக்கர் மழைக்கு ஒதுங்கினார். தாத்தா அங்கிருந்தே தெருவோடு பேசினார். அயல்வீட்டார் அழைப்பின்றி வந்து அமர்ந்தனர். இப்போது நாம் மதிலை உயர்த்தி, இரும்பு வாயிலைப் பூட்டி, அழைப்புமணி வைத்திருக்கிறோம். பாதுகாப்பு வேண்டியதே. எனினும், அயல்வீட்டுக்காரி கறிவேப்பிலை கேட்க வந்து, பூட்டைப் பார்த்துத் திரும்பிப் போனால், நாம் அவளை விரட்டவில்லை என்று சொல்லிக்கொள்ளலாமா? உள்ளறையில் தொலைக்காட்சியின் முன் விடப்பட்ட பாட்டி, யாரும் என்னிடம் பேசுவதில்லை என்று சொன்னால், குற்றம் பிள்ளைகளுடையது மட்டுமா? அவருக்கு அந்த அறையைக் குறித்துக்கொடுத்த வரைபடத்துக்கும் அதில் பங்கில்லையா?

புது வீடு கட்டப்போகிறவர்கள், எத்தனை அறை, எத்தனை சதுர அடி என்று கேட்குமுன், இந்த வீட்டில் முதியவர் எங்கே அமர்வார், விருந்தினர் எங்கே தயங்கி நிற்பார் என்று கேளுங்கள். ஏற்கெனவே கட்டியவர்களும் கலங்க வேண்டாம். முன்வாசலில் ஒரு பெஞ்சு போடுவதற்குக் கொத்தன் தேவையில்லை.

குடும்பமாகக் கலந்து பேச:

1. நம் வீட்டில் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அமரும் இடம் எது?

2. வயதானவர் ஒருவர் பிறர் உதவியின்றி நம் வீட்டு வாசற்படி ஏற முடியுமா?

3. நம் வாசல்வரை வந்து, உள்ளே வராமல் திரும்புகிறவர் யார்? அவரை நிறுத்துவது எது?