சர்வே எண்ணை எண்ணாகச் சேமிக்காதீர்கள்

ரியல் எஸ்டேட் இணையதளம் செய்யச் சொல்லி வருகிற புரமோட்டர்கள் பெரும்பாலும் முகப்பில் ஓட வேண்டிய வீடியோவைப் பற்றித்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். நான் கேட்பது அவர்களுடைய எக்செல் கோப்பை. சென்னைப் புறநகரிலும் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கமும் லேஅவுட் போடுகிறவர்களுக்கும் தரகர்களுக்கும் பல ஆண்டுகளாகத் தளம் செய்து தருகிறேன். தகவலை ஒழுங்காகச் சேமித்தால் மற்ற எல்லாவற்றையும் பிறகு சரிசெய்துகொள்ளலாம். சேமிப்பு கோணலானால் எந்த அலங்காரமும் உதவாது.

அந்த எக்செல் கோப்பைத் திறந்ததும் நான் பார்ப்பது சர்வே எண் இருக்கும் பத்தியைத்தான். 12/4 என்று தட்டினால் எக்செல் அதைத் தேதியாக எடுத்துக்கொண்டு ஏப்ரல் 12 ஆக்கிவிடும். அப்படியே டேட்டாபேஸில் ஏற்றினால் எந்த நிலம் என்பதே தொலைந்துபோகும். உட்பிரிவு ஆனபின் 45/2 என்பது 45/2ஏ1 என்றும் மாறும். ஆகவே சர்வே எண்ணை எழுத்து வடிவத்தில்தான் வைக்க வேண்டும். பழைய எண், உட்பிரிவு எண் இரண்டுக்கும் தனித்தனி இடம் கொடுங்கள். வில்லங்கம் போட்டுப் பார்க்கிறவருக்கு இரண்டும் வேண்டியிருக்கும்.

அடுத்தது பரப்பளவு. சென்னையில் கிரவுண்டு என்பார்கள். கோவை, மதுரைப் பக்கம் சென்ட். தஞ்சாவூர்ப் பக்கம் வயலை மா, குழி என்று சொல்வார்கள். பட்டாவில் ஹெக்டேரும் ஏரும் இருக்கும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, ஒரு ஏர் ஏறக்குறைய 2.47 சென்ட். வாய்க்கணக்கில் ஒரு கிரவுண்டுக்கு ஐந்தரை சென்ட் என்று முடித்துவிடுவார்கள். ஐந்தரை சென்டைத் திருப்பிப் போட்டால் 2,395.8 சதுர அடிதான் வரும். நாலு சதுர அடிதானே என்று விட முடியாது. சதுர அடி 5,000 ரூபாய் போகிற இடத்தில் அது 21,000 ரூபாய். அதனால் பத்திரத்தில் என்ன அளவு, என்ன அலகு இருக்கிறதோ அதை அப்படியே சேமித்துவிட்டு, தேடலுக்காக மட்டும் சதுர அடிக்கு மாற்றிய கணக்கை இன்னொரு பத்தியில் வைக்கிறேன். மாற்றியதை மறுபடி மாற்றவே கூடாது.

அடுக்குமாடி வீடென்றால் இன்னும் நிதானம் வேண்டும். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் (ரெரா) கார்ப்பெட் ஏரியா என்றால் என்ன என்று வரையறுத்திருக்கிறது: வீட்டுக்குள் இருக்கும் தடுப்புச் சுவர்கள் சேரும், வெளிச்சுவர், பால்கனி, திறந்த மொட்டைமாடி சேராது. ஆனால் பலர் கொடுக்கும் பட்டியலில் ‘ஏரியா 1,200’ என்று மொட்டையாக இருக்கும். அது பொது இடங்களின் பங்கையும் சேர்த்த சூப்பர் பில்ட்-அப் அளவாக இருந்தால், கார்ப்பெட் அளவைச் சொன்ன நேர்மையான விற்பனையாளர் நம் ஃபில்டரில் பின்னுக்குப் போய்விடுவார். கார்ப்பெட், பில்ட்-அப், சூப்பர் பில்ட்-அப், யுடிஎஸ் (பிரிக்கப்படாத நிலப் பங்கு) என்று நான்கு பத்திகள் வையுங்கள். சதுர அடி விலை எந்த அளவை வைத்துப் போட்டது என்பதையும் பக்கத்திலேயே காட்டுங்கள்.

விலைக் கட்டத்தில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். தரகர் ஒருவர் போனில் வந்தார். “சார், நாப்பத்தஞ்சுன்னு போட்டேன், நாப்பத்தஞ்சு ரூபாய்னு காட்டுது.” அவர்கள் பேச்சில் நாற்பத்தைந்து என்றாலே லட்சம்தான். அதிலிருந்து, எண்ணைத் தட்டத் தட்டக் கீழே எழுத்தில் வரும்படி செய்கிறேன்: ‘நாற்பத்தைந்து லட்சம் ரூபாய், சதுர அடிக்கு 3,750.’ டேட்டாபேஸுக்குள் எப்போதும் முழு ரூபாய்தான்.

இடத்தைக் குறிப்பதில் மாவட்டத்தின் பெயரைப் பக்கத்தின் முகவரிக்குள் பதிக்காதீர்கள். 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமானது. ஊர் அங்கேயேதான் இருக்கிறது; பழைய பத்திரத்தில் காஞ்சிபுரம், இன்றைய பட்டாவில் செங்கல்பட்டு. ஊருக்கு ஒரு நிலையான குறியீடு கொடுத்து, மாவட்டத்தையும் வட்டத்தையும் அதனோடு இணைத்தால் மாற்றம் வரும்போது ஒரே இடத்தில் திருத்தினால் போதும். வரைபடத் தேடலில் நேர்க்கோட்டுத் தூரமும் ஏமாற்றும். தாம்பரத்தில் ஒரு கிலோமீட்டருக்குள் என்று தேடினால், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீடும் வரும். நடந்து போகிறவருக்கு அது வேறு ஊர் மாதிரி. சாலை வழித் தூரத்தைக் காட்ட முடியாவிட்டால், கிழக்கா மேற்கா என்ற பிரிவையாவது ஃபில்டரில் வையுங்கள்.

சட்ட விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ, எட்டுக்கு மேற்பட்ட வீடுகளோடோ வரும் புதிய திட்டத்தை ரெராவில் பதியாமல் விளம்பரப்படுத்தவே கூடாது. விளம்பரத்தில் பதிவு எண்ணும் ரெரா ஆணையத்தின் இணையதள முகவரியும் இருக்க வேண்டும். இணையதளமும் விளம்பரம்தான். எனவே எண் இல்லாத திட்டம் வெளியாகாதபடி சர்வரிலேயே தடை போட்டுவிடுவேன். ‘டிடிசிபி அப்ரூவ்டு’ (நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் பெற்றது) என்று யார் வேண்டுமானாலும் தட்டிவிட்டுப் போகிற கட்டம் இருக்கக் கூடாது. ஒப்புதல் எண், தேதி, வரைபடம் மூன்றும் வந்தால்தான் அந்தச் சொல் பக்கத்தில் வரவேண்டும். அனுமதியற்ற மனைகளுக்காக 2017இல் வந்த வரன்முறைத் திட்டத்தில் ஒழுங்குபடுத்தப்பட்ட மனைகளுக்குத் தனி வகை கொடுங்கள். வாங்குபவர் வங்கியில் கடன் கேட்கும்போது மனை எந்த வகை என்று அங்கே கேட்பார்கள்.

ஆவணங்களையும் படங்களையும் பற்றி எச்சரிக்கை ஒன்று. தாய்ப் பத்திரத்தின் ஸ்கேனைத் தரகர்கள் படத்தோடு படமாக ஏற்றிவிடுவார்கள். அதில் உரிமையாளரின் கையெழுத்தும் கைரேகையும் இருக்கும், சிலவற்றில் ஆதார் எண்ணும் இருக்கும். ஆவணங்கள் வேறு கிடங்கில், உள்நுழைந்தவருக்கு மட்டும், சிறிது நேரமே செல்லுபடியாகும் இணைப்போடு இருக்கட்டும். போனில் எடுத்த படத்துக்குள் ஒளிந்திருக்கும் ஜிபிஎஸ் தகவலை ஏற்றும்போதே நீக்குங்கள்; வயதானவர் தனியாக இருக்கும் வீடாகவும் அது இருக்கலாம்.

நம் ஊரில் மனை விற்பனை வாட்ஸ்அப்பில்தான் நடக்கிறது. இணைப்பை அனுப்பும்போது படமும் விலையும் தெரிய வேண்டுமென்றால் பக்கத்தின் தலைப்புக் குறிச்சொற்கள் சர்வரிலிருந்தே வரவேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் ஓடியபின் வருவதை வாட்ஸ்அப் படிக்காது. போனில் பக்கம் சீக்கிரம் திறக்க, படங்களை வெப்பி வடிவில் சுருக்குங்கள். வரைபடத்தைத் தொட்டால் மட்டும் திறக்கும்படி வையுங்கள்.

விற்றுப்போன மனைகள் தளத்தில் கிடப்பதுதான் வாடிக்கையாளருக்கு அதிகம் கசப்பைத் தருகிறது. மாதம் ஒருமுறை விற்பனையாளருக்குச் செய்தி போகட்டும். பதில் வராவிட்டால் விளம்பரம் தானாக மறையட்டும். பட்டியல் சுருங்குகிறதே என்று புரமோட்டர் வருந்துவார். வருந்தட்டும்.

இந்த வேலையில் இருக்கும் நண்பர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒருவர் வாழ்நாள் சேமிப்பை நம் திரையைப் பார்த்துத்தான் நகர்த்துகிறார். ஒவ்வொரு மனையின் பக்கத்திலும் வில்லங்கச் சான்று, பட்டா, ரெரா பதிவு மூன்றையும் அரசுத் தளங்களிலேயே சரிபார்க்கும் இணைப்புகளை வையுங்கள். வேண்டாம் என்று சொல்கிற புரமோட்டருக்குத் தளம் செய்து தராதீர்கள்.