அப்பத்தா கட்டும் வரி



சென்ற ஆண்டு நம் பேரவைப் பட்டிமன்றத்தில் "முதியோர் பென்ஷன் நாட்டுக்குச் சுமையா, கடமையா?" என்ற தலைப்பில் "சுமையே" என்று பேசி முதல் பரிசு வாங்கியவன் நான். எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். "உழைத்து வரி கட்டுகிறவன் ஒருத்தன், உட்கார்ந்து வாங்குகிறவன் இன்னொருத்தனா?" என்று நான் கேட்டதற்கு விழுந்த கைதட்டல் இன்னும் காதில் இருக்கிறது. ஊருக்குப் போனதும் அப்பத்தாவிடம் அதே வசனத்தைப் பேசிக் காட்டினேன். வெற்றிலையை மென்றுகொண்டே, "நான் சோப்பு வாங்குறப்ப கடைக்காரன் வரியைக் கழிச்சிட்டாடா குடுக்கிறான்?" என்று கேட்டது. எனக்குப் பதில் வரவில்லை. அந்த ஒரு கேள்விக்காக நூலகத்தில் உட்கார்ந்து படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த ஆண்டு எந்த அணியில் பேசுகிறவர்களுக்கும் உதவும்.

முதலில் வரி. வரி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது வருமான வரி. அது நேர்முக வரி. 2023 டிசம்பர் முடிய 8 கோடிக்குச் சற்று அதிகமான கணக்குகள் தாக்கல் ஆயின. நாட்டின் ஜனத்தொகையோ 140 கோடி. அப்படியானால் மற்றவர்கள் எல்லாம் ஓசியிலா இருக்கிறார்கள்? அங்கேதான் மறைமுக வரி வருகிறது. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. நடைமுறையில் இருக்கிறது. குளியல் சோப்புக்கு 18 சதவீதம் போட்டிருந்தார்கள்; 2025 செப்டம்பர் 22ல்தான் 5 சதவீதமாகக் குறைத்தார்கள். 18 சதவீதம் என்றால், 50 ரூபாய் சாமானை நாம் 59 ரூபாய் கொடுத்து வாங்கினோம். அந்த 9 ரூபாயைக் கோடீஸ்வரரும் கட்டினார், அப்பத்தாவும் கட்டியது. அவருக்கு அது தூசு. மாதம் 1,200 ரூபாயில் காலம் தள்ளுகிறவருக்கு ஒருவேளைக் காய்கறி. டீசல் வரியும் லாரி வாடகையில் ஏறி, தக்காளி விலையில் உட்கார்ந்து, கடைசியில் அதே முந்தானை முடிச்சுக்குத்தான் வந்து சேருகிறது.

மது வருவாயையும் விட்டுவிடக் கூடாது. 2023-24ல் தமிழக அரசுக்கு ஆயத்தீர்வையும் விற்பனை மீதான வரியுமாகக் கிடைத்தது 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். இதைச் சொன்னபோது அப்பத்தா, "உங்க தாத்தா கட்டுனதே ஒரு பென்ஷனுக்குக் காணும்" என்றது. சிரித்துக்கொண்டேதான் சொன்னது. நான் சிரிக்கவில்லை.

அடுத்தது, பென்ஷனில் எத்தனை வகை? தமிழக அரசு வேலையில் 2003 ஏப்ரலுக்கு முன் சேர்ந்தவர்களுக்குக் கடைசிச் சம்பளத்தை வைத்துப் பென்ஷன். அதற்குச் சம்பளத்தில் பிடித்தம் கிடையாது. பின்னால் சேர்ந்தவர்களைப் பங்களிப்பு ஓய்வூதியத்தில் சேர்த்து 10 சதவீதம் பிடித்தார்கள். தொழிற்சாலைக்குப் போகப்போகிற நமக்கு வருவது 1995 நவம்பர் 16ல் தொடங்கிய தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம். முதலாளி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 இதற்குப் போகும். 2014 செப்டம்பரில் சம்பள உச்சவரம்பை 15,000 என்று வைத்ததால், நீங்கள் 40,000 வாங்கினாலும் அந்தக் கணக்குப்படி இதில் சேர்வது மாதம் 1,250 மட்டும். பத்து வருஷ சர்வீஸ் இருந்தால்தான் பென்ஷனே உண்டு. கான்ட்ராக்டில் இரண்டு வருஷத்துக்கு ஒரு கம்பெனி மாறுகிறவர்கள் பி.எஃப். பணத்தை அப்பப்போ எடுத்துச் செலவழிக்காமல் கணக்கை மாற்றிக்கொண்டே போங்கள்.

இந்த இரண்டிலும் சேராதவர்கள்தான் நாட்டில் பெரும்பாலோர். நாற்று நட்டவளுக்கும் செங்கல் சுமந்தவளுக்கும் யார் பி.எஃப். பிடித்தார்கள்? அவர்களுக்காகத் தமிழகத்தில் 1962ல், காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, மாதம் 20 ரூபாயில் தொடங்கியதுதான் நாம் "ஓ.ஏ.பி." என்று சொல்லும் முதியோர் உதவித்தொகை. 2011ல் 1,000 ஆனது. 2023 ஆகஸ்டில் 1,200. மத்திய அரசு 1995 ஆகஸ்ட் 15ல் 75 ரூபாயோடு வந்தது. 2006ல் அதை 200 ஆக்கினார்கள். 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு 2024லும் அதே 200தான்!

கால்குலேட்டரை எடுங்கள். விலைவாசி வருஷம் 6 சதவீதம் ஏறுவதாக வைத்து 1.06ஐ 18 தடவை பெருக்குங்கள். 2.85 வரும். 200ஐ அதால் வகுத்தால் 70. அதாவது 2006ல் 70 ரூபாய்க்கு வாங்கியதைத்தான் 2024ல் இந்த 200 வாங்கும். யாரும் சட்டம் போட்டுக் குறைக்கவில்லை. சும்மா விட்டாலே போதும், பென்ஷன் தானாகக் கரைந்துவிடும்.

"எல்லாருக்கும் கொடுக்க அரசிடம் பணம் ஏது?" இது எதிரணியின் பலமான வாதம்; இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 60 வயது தாண்டியவர்கள் சுமார் 75 லட்சம். ஆளுக்கு மாதம் 1,200 என்றால் வருஷம் 10,800 கோடி. இப்போது முதியோர் தொகை அதைவிட அதிகம். சின்னப் பணமில்லை. ஆனால் வசதியானவர்களுக்குக் கொடுத்ததை வருமான வரியிலேயே திரும்பப் பிடித்துக்கொள்ளலாம். பிரிட்டனில் 1909 ஜனவரி 1 முதல் 70 வயதானவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை வரிப்பணத்திலிருந்து தபால் ஆபீஸ் மூலம் கொடுத்தார்கள். அந்தச் செலவுக்கும் போர்க்கப்பல் செலவுக்கும் சேர்த்து, நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் அதே ஆண்டு பணக்காரர்கள் மேலும் நிலத்தின் மேலும் வரி போட்டார். பிரபுக்கள் சபை பட்ஜெட்டையே தள்ளியது. பிறகு இரண்டு தேர்தல் நடந்து, 1911ல் நிதி மசோதாவைத் தள்ளும் அதிகாரத்தையே அந்தச் சபை இழந்தது. பென்ஷன் தகராறு எப்போதும் வரித் தகராறுதான்.

எல்லாருக்கும் என்று இல்லாமல் "ஆதரவற்றவர்" என்று பொறுக்கிக் கொடுத்தால் செலவு குறையும், உண்மை. அந்த மிச்சத்துக்கு வேறொரு விலை உண்டு. நான் எட்டாவது படிக்கும்போது அப்பத்தா மனுப் போட்டது. விசாரிக்க வந்தவர் வாசலில் நின்றே, "மகன் கவனிக்கிறாரா?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா அப்போது சூளையில் கால் நசுங்கி நாலு மாதமாக வீட்டில். கவனிக்கிறேன் என்றால் பணம் இல்லை. தெருவே பார்த்துக்கொண்டிருக்க, "இல்லீங்க சார், நான் கவனிக்கிறதில்ல" என்றார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. அப்பத்தாதான் தட்டை எடுத்துப்போய் வைத்து, "நீ சொன்னது கெவர்மென்டுக்குடா, எனக்கில்ல" என்றது.

பட்டிமன்றத்தில் பேசியபோது இது எனக்கு ஞாபகமே வரவில்லை என்பதுதான் வெட்கமாக இருக்கிறது.

இந்த ஆண்டு "கடமையே" அணியில் இடம் கேட்டிருக்கிறேன். எதிரணிக்கு ஆள் தேடுகிறார்களாம். போன வருஷத்துக் குறிப்புகள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. வேண்டியவர்கள் விடுதி அறைக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம்.